வேளச்சேரியில் ஒரு மகளிர் விடுதி: ஓராண்டு தங்கியவள் எழுதும் மதிப்புரை

ஐந்துக்கு மூன்று. வார்டன் அக்காவை மட்டும் தனியே மதிப்பிடச் சொன்னால் ஐந்தும் அவருக்குத்தான். உரிமையாளரைத் தனியே மதிப்பிடச் சொன்னால் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

விடுதியின் பெயரை எழுதவில்லை. விஜயநகரைச் சுற்றித் தெருவுக்கு இரண்டு மூன்று மகளிர் விடுதிகள் இருக்கின்றன. சாம்பாரும் குளியலறை வரிசையும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் ஓராண்டு இருந்தவள் சொல்வது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நான் சேர்ந்தது 2023 ஜூலையில், காலி செய்தது 2024 ஜூலையில். அந்த ஓராண்டு எப்படிப்பட்டது என்பது சென்னையில் இருந்தவர்களுக்கும் தெரியும், தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கும் தெரியும். நான் இரண்டுமாக இருந்தேன்.

ஊர் ஏரல். திருநெல்வேலியில் பி.எஸ்சி. முடித்த கையோடு பெருங்குடியில் மெடிக்கல் கோடிங் வேலை கிடைத்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை. கையில் வருவது மாதம் 16,500 ரூபாய். அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டபோது மூன்று விடுதிகளைப் பார்த்தோம். இதை அப்பா தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், வாசலில் மாவட்ட ஆட்சியர் வழங்கிய உரிமத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த உரிமம் வேண்டும். மற்ற இரண்டு இடங்களிலும் கேட்டதற்கு, "விண்ணப்பித்திருக்கிறோம் சார்" என்றார்கள். தாம்பரத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி அந்த ஜூலையில்தான் திறந்தது. அதையும் யோசித்தோம், ஆனால் தினமும் தாம்பரத்திலிருந்து பெருங்குடி போய்வர எனக்குத் தெம்பில்லை.

கட்டணம்: மூன்று பேர் அறைக்கு சாப்பாட்டோடு 7,500. இரண்டு பேர் அறைக்கு 9,000. முன்பணம் ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது அதில் 1,500 ரூபாயைப் 'பராமரிப்பு' என்று எடுத்துக்கொள்வார்கள். இதை முதல் நாளே வாயால் சொல்கிறார்கள், ரசீதில் எழுதுவதில்லை. எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி என்று தனியாக எங்களிடம் கேட்கவில்லை. என் தோழி இருந்த விடுதியில் கேட்டார்கள். அப்படிக் கேட்கிற இடம் அமைந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் பெண்கள் விடுதி வாடகைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சிலும், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், குறைந்தது 90 நாள் தொடர்ந்து தங்கினால் வரி விலக்கு என்று பரிந்துரைத்தது.

இனி அறை. மூன்று இரும்புக் கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு சன்னல், மூன்றாகத் தடுத்த ஒரு பீரோ. பீரோவின் நடுத்தட்டுக்குப் பூட்டு கிடையாது. யார் கடைசியாகச் சேர்கிறாரோ அவருக்கு நடுத்தட்டு. பிளக் பாயிண்ட் இரண்டே இரண்டு, அதில் ஒன்று கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று பெண்கள், மூன்று போன், அலுவலக லேப்டாப் இரண்டு. இதற்குள் ஒரு அரசியல் சாசனமே உருவாகிவிட்டது. கும்பகோணத்து அக்காவுக்கு இரவு பத்து வரை, மார்த்தாண்டத்துக்காரிக்குப் பத்துக்கு மேல், எனக்கு விடியற்காலை. கும்பகோணத்து அக்கா தனியார் வங்கியில் இருந்தார். மார்த்தாண்டத்துக்காரி தனியார் மருத்துவமனையில் செவிலியர், என் வயதுதான், ஜெர்மனிக்குப் போகப் பணம் சேர்த்துக்கொண்டு ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தாள். இரவுப் பணி முடிந்து வந்து மொட்டைமாடித் துணிக்கொடிக்கு அடியில் நடந்துகொண்டே சத்தம் போட்டுப் படிப்பாள். எதிர்வீட்டுத் தாத்தா ஒருமுறை, "அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று வார்டன் அக்காவிடம் விசாரித்தார்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சாப்பிடலாம். திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல், புதன் பூரி, வியாழன் உப்புமா, வெள்ளி தோசை. பூரி அன்று ஏழே முக்காலுக்குள் கீழே இறங்காவிட்டால் உருளைக்கிழங்கு மட்டும்தான் மிஞ்சும். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ரசம் உண்மையிலேயே நன்றாக இருக்கும், சமையல் அம்மா விருத்தாசலத்துக்காரர், மிளகைக் கையாலேயே தட்டிப் போடுவார். ஞாயிறு மதியம் கோழிக் குழம்பு, தலைக்கு இரண்டு துண்டு. மீன் கிடையவே கிடையாது. சாளைக் குழம்பில் வளர்ந்த என்னைப் போன்றவர்கள் இதை மனத்தில் குறித்துக்கொண்டு சேருங்கள். வீட்டிலிருந்து பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டும் கொண்டுவந்தால் வாரநாட்களை ஓட்டிவிடலாம். நான் உடன்குடிக் கருப்பட்டியும் வைத்திருந்தேன். நடுத்தட்டுக்குப் பூட்டு இல்லை என்று ஏற்கெனவே சொன்னேன்.

தண்ணீர் மோசம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். தாமிரபரணியில் குளித்த தலைமுடி இரண்டு மாதத்தில் சீப்போடு வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீர்தான், அப்போது ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று வாளி என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். குடிக்கக் கேன் தண்ணீர். அதில் குறை இல்லை. காலை ஐந்தரை முதல் ஏழரை வரைதான் ஹீட்டர் ஓடும்.

இருப்பிடத்துக்கு முழு மதிப்பெண். விஜயநகர் பேருந்து நிலையம் நடக்கும் தூரம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை, எனவே அலுவலகம் போய்வர எனக்குச் செலவு ஏதும் இல்லை. என் சம்பளத்தில் இது சிறிய விஷயமே அல்ல. பறக்கும் ரயிலுக்கு வேளச்சேரி நிலையம் இருக்கிறது. ஊருக்குப் போகக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. அதற்குமுன் கோயம்பேடு போய் அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு கெடுதல் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. வேளச்சேரியில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். வாடகை ஏன் குறைவு என்று ஆகஸ்டில் புரியாது, டிசம்பரில் புரியும்.

மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பர் 3 ஞாயிறு இரவு தொடங்கி மறுநாள் முழுக்கக் கொட்டியது. ஞாயிறு மாலையே வார்டன் அக்கா எங்களில் ஆறேழு பேரைக் கூப்பிட்டு அரிசி மூட்டை, பருப்பு டின், எண்ணெய், காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் கீழ்த்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏற்றச் சொன்னார். உரிமையாளர் போனில், "எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. அக்கா, "சரி சார்" என்று வைத்துவிட்டு, அடுத்து மிக்சியையும் ஏற்றச் சொன்னார். திங்கள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் முழங்கால் தண்ணீர், ரப்பர் செருப்புகள் ஜோடி பிரிந்து மிதந்துகொண்டிருந்தன.

அதன்பின் மின்சாரம் வியாழக்கிழமைதான் வந்தது. அந்த நாட்களில் இந்த விடுதி நடந்த விதத்துக்காகத்தான் நான் இந்த மதிப்புரையையே எழுதுகிறேன். காலையில் கஞ்சியும் துவையலும், இரவு ரசம் சோறு. மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அக்கா குச்சி விட்டு அளந்து, கழிவறைக்கு இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு என்று பிரித்தார். மழைநீரை மாடிக் குழாயில் அண்டா வைத்துப் பிடித்தோம். இன்வெர்ட்டரில் மிச்சமிருந்த கொஞ்ச மின்சாரத்தில் விளக்கு எரிய விடவில்லை. அக்காவின் பட்டன் போனையும், எந்த சிம்முக்கு மாடியில் சிக்னல் வருகிறதோ அந்தப் பெண்ணின் போனையும் மட்டும் சார்ஜ் போட்டார். பிறகு வருகைப் பதிவு நோட்டை எடுத்து வரிசையாக ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் தானே பேசினார். "உங்கள் மகள் சாப்பிட்டுவிட்டாள். தண்ணீர் கீழ்த்தளத்தில்தான். நாளை இதே நேரம் பேசுவேன்." அவ்வளவுதான். அழுகிற அம்மாக்களுக்கும் அதே மூன்று வாக்கியம். நாளை இதே நேரம் என்றால் அதே நேரத்தில் பேசவும் செய்தார். இரவு ஒன்பதரைக்குக் கேட் மூடுவதில் கறாராக இருப்பாரே என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்த பெண்களில் நானும் ஒருத்தி. அந்த நோட்டு எதற்கு என்று அன்றுதான் பலருக்கும் விளங்கியது.

தண்ணீர் வடிந்தபின் உரிமையாளர் வந்தார். சுவரில் ஈரம் ஏறிய உயரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. ஜனவரி வாடகையோடு 'சுத்தம் செய்த செலவு' என்று ஆளுக்கு 300 ரூபாய் வசூலித்தார். சுத்தம் செய்தது நாங்கள். மூன்று மதிப்பெண்ணுக்குக் காரணம் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அந்தப் புயல் மழை ஓய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 17, இன்னொரு ஞாயிறு. இந்தமுறை மழை எங்கள் ஊர்ப்பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. சென்னை ஓராண்டில் பார்க்கிற மழையில் பெரும்பகுதி அது. தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் அந்த ரயிலைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஏரலைக் காட்டவில்லை. அங்கே போக வழியில்லை என்பதால் காட்டவில்லை. எங்கள் வீட்டில் யார் போனும் அடிக்கவில்லை. முதலில் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது, திங்கள் மதியத்துக்குமேல் அதுவும் சொல்லவில்லை.

விடுதியில் பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும், வார்டன் அறைக்குள் யாரும் போகக் கூடாது. அன்றிரவு அக்கா தன் அறைக் கதவைத் திறந்து வைத்து, டிவியைச் சத்தம் குறைத்துப் போட்டு, என்னை உள்ளே உட்காரச் சொன்னார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு முறம் நிறையப் பூண்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "உரி" என்றார். சின்னப் பல் பூண்டு, நகம் போகாது. நுனியைக் கிள்ளி, கட்டைவிரலால் அழுத்தித் தோலை இழுக்க வேண்டும். இரண்டு பல்லுக்கு ஒருமுறை தோல் நகக்கண்ணில் ஏறும். அவரும் எதிரே உட்கார்ந்து உரித்தார். செய்தியில் புதிதாக ஏதாவது ஓடினால் கையை நிறுத்துவோம், பிறகு மறுபடி உரிப்போம். விடியும்வரை உரித்தோம். அந்த வாரம் முழுக்க எல்லாக் குழம்பிலும் பூண்டு மணந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

புதன்கிழமை தம்பி வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினான். எல்லோரும் பக்கத்து மாடிவீட்டில் இருக்கிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்து போட்ட பொட்டலத்தில் ஒன்று கிடைத்தது, ஆற்றுப்பாலம் போய்விட்டது என்றான். கடை என்று நான் ஆரம்பித்ததும் பேச்சை மாற்றினான். அப்பாவுக்கு ஏரல் கடைத்தெருவில் நோட்டு, பேனா, பள்ளிச் சாமான்கள் விற்கிற கடை. தண்ணீர் வடிந்ததும் நான் போய்ப் பார்த்தேன். நோட்டுகள் தண்ணீர் குடித்து ஊதி, அலமாரியிலிருந்து உருவ முடியாதபடி இறுகிப்போய் இருந்தன. கடப்பாரை போட்டுத்தான் எடுத்தார்கள். ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வந்தது. அதை அம்மா வாங்கி, அப்படியே பால்காரர், மளிகை என்று பிரித்துக் கொடுத்தார். எங்கள் வேலையில் பயன்படுத்துகிற ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் வெள்ளத்தில் சிக்கியவர் என்பதற்கு ஒரு குறியீடு உண்டு, எக்ஸ் 38. திரும்பி வந்த வாரத்தில் யாரோ ஒரு அமெரிக்கப் பாட்டியின் பதிவில் அதைப் போட வேண்டி வந்தது. போட்டேன், அடுத்த பதிவுக்குப் போனேன்.

அதற்குமுன் எனக்கு வேறு திட்டம் இருந்தது. கல்லூரித் தோழிகள் மூவரும் ஜனவரியில் மடிப்பாக்கத்தில் வீடு எடுப்பதாகப் பேசி, என் பங்கு முன்பணத்தையும் சேர்த்து வைத்திருந்தேன். அந்தப் பணம் கடைக்குப் போனது. மாதாமாதம் வீட்டுக்கு 6,000 அனுப்பத் தொடங்கினேன். தம்பிக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, அவன் புத்தகங்களும் போயிருந்தன. அப்பா என்னிடம் பணம் கேட்டதே இல்லை. நான் அனுப்பியதும், "வந்துவிட்டது" என்று ஒரு வரி அனுப்புவார். ஒரு வருடத்துக்கு முன்புவரை எனக்குப் பேருந்துக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தவர். அந்த ஒற்றை வரிக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுகிறேன்.

இந்தக் கணக்குதான் விடுதியைப் பற்றிய என் பார்வையையும் மாற்றியது. 16,500-ல் வீட்டுக்கு 6,000, வாடகைக்கு 7,500. மிச்சம் 3,000. காஸ், மின்கட்டணம், பாத்திரம், வீட்டு முன்பணம் எதைப் பற்றியும் யோசிக்காமல் 3,000 ரூபாயில் ஒரு மாதம் உயிரோடு இருக்க இந்த ஊரில் விடுதியை விட்டால் வேறு இடம் இல்லை. பருப்பில்லாத சாம்பாரைக் கிண்டல் செய்வது வீட்டுப் பணத்தில் இருக்கிறவர்களுக்கு உரியது. பிப்ரவரிக்குப்பின் நான் அதே சாம்பாரை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரியில் எனக்கு மதிய ஷிப்ட் போட்டார்கள், இரவு பத்துக்கு முடியும். கேட் மூடும் நேரம் ஒன்பதரை. அலுவலகக் கடிதம் கொடுத்தால் பத்தே முக்கால் வரை விடுவார்கள். கடிதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அலுவலக வண்டியில்தான் வந்து இறங்க வேண்டும். சாப்பாட்டை எடுத்து வைக்கும் பழக்கம் விடுதியில் இல்லை, ஆனால் என் தட்டு மூடியபடி வார்டன் அறை வாசலில் இருக்கும். இதை விடுதியின் வசதிகளில் சேர்க்க முடியாது. வேறு வார்டன் வந்தால் கிடைக்காது.

மே மாதம் கும்பகோணத்து அக்காவுக்குத் திருமணம். முகூர்த்தத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். அவர் கட்டிலுக்கு வாரம் முடிவதற்குள் சேலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நடுத்தட்டு அவளுக்குப் போனது, பூட்டு உள்ள மேல்தட்டு எனக்கு வந்தது. மார்த்தாண்டத்துக்காரி ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்வில் தேறி, அடுத்த நிலைக்கு வகுப்பில் சேர்ந்தாள். ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் அப்பா கடையைத் திறந்தார். பாதி சரக்குக் கடனில் வந்தது. எனக்குச் சம்பளம் கொஞ்சம் ஏறியது. ஜூலையில் மார்த்தாண்டத்துக்காரியும் நானும் ஆதம்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று பார்த்துப் போய்விட்டோம். வீட்டில் பிளக் பாயிண்ட் ஏழு. முதல் நாள் அவள் எல்லாவற்றிலும் எதையாவது செருகி வைத்தாள்.

இனி, சேர நினைப்பவர்களுக்கு. கீழ்த்தள அறை வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். முதல் மாடியில் பின்பக்க அறையைக் கேளுங்கள், மதிய வெயில் படாது. காலி செய்வதாக இருந்தால் முதல் தேதிக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்ன இரண்டு பெண்களுக்கு ஒரு மாத வாடகை போனது. என் முன்பணத்தில் 1,500 பிடித்துக்கொண்டு 6,000 கொடுத்தார்கள், அதுவும் மூன்று வாரம் கழித்து. இருசக்கர வாகனம் நிறுத்த இடம் இல்லை. வைஃபை உண்டு என்று பலகை சொல்கிறது, பலகைதான் உண்டு. துணி துவைக்க இயந்திரம் இல்லை, மாடியில் கல் இருக்கிறது.

போன் செய்யும்போது வாடகை, சாப்பாடு எல்லாம் கேட்பதற்கு முன்பு, புதுக்கோட்டைக்கார வார்டன் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் என்னுடைய மூன்றில் இரண்டைக் கழித்துவிட்டு, பக்கத்துத் தெருவிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.